கைகள் மறவாதவை: டிமென்ஷியா உற்ற முதியோருக்கான திரை விளையாட்டுகளைப் பற்றி

1939ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஐரோப்பாவில் யுத்தம் மூண்டு சில வாரங்களே கழிந்திருந்த வேளையில், 69 பிராயம் நிரம்பிய இத்தாலிய அம்மையார் ஒருவர் தம் மகனுடன் சென்னைக்கு வந்து, அடையாற்றில் பிரம்மஞான சபையின் விசாலமான தோப்புக்குள் குடியேறினார். மரியா மாண்டிசோரி என்ற அந்த அம்மையாரை அழைத்தவர் சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேல். நாட்டின் பல திக்குகளிலிருந்தும் வந்து கூடிய ஏறக்குறைய 300 பேருக்கு அங்கே ஆசிரியப் பயிற்சி நடந்தது. சில மாத காலம் தங்கிப் போகும் உத்தேசத்துடன் வந்தவர், 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் எதிரி நாட்டுப் பிரஜையாகிவிட, மகன் சிறைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அம்மையாரின் 70ஆம் பிறந்த நாளையொட்டி விடுவிக்கப்பட்ட பின்னரும், அடையாற்றிலும் கொடைக்கானலிலுமாகப் பல ஆண்டுகளைக் கழித்து, 1946இல்தான் ஐரோப்பாவுக்குத் திரும்பினார்.

அடையாற்றின் சரித்திரம் அறிந்தோர் நன்கு அறிந்த இவ்விருத்தாந்தத்தை முதியோரின் மறதி நோயைப் பற்றிய கட்டுரையில் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. 1907இல் ரோமாபுரியில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்குவதற்கு முன்பே, புத்தி வளர்ச்சி குன்றியவர்கள் என்று சமூகம் ஒதுக்கி வைத்திருந்த பிள்ளைகளிடையே வைத்தியராகப் பணிபுரிந்த காலத்தில்தான் மாண்டிசோரி அம்மையாரின் முறைக்கு வித்து விழுந்தது. வெவ்வேறு பருமனுள்ள மர உருளைகளை, ஒவ்வொன்றும் தனக்குரிய குழியிலன்றி வேறெதிலும் சரியாகப் பொருந்தாதபடி கடைந்து வைத்து, பிழை நேர்ந்தால் அதைக் கடிந்து சொல்ல ஆசிரியர் வேண்டாதபடி, உபகரணமே மெல்ல உணர்த்திவிடுமாறு செய்ததுதான் அம்முறையின் சாரம். பல பத்தாண்டுகள் கழித்து, 1990களில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கேமரன் கேம்ப் என்ற உளவியல் அறிஞர் அதே தத்துவத்தை டிமென்ஷியா உற்ற முதியோரிடம் பிரயோகித்துப் பார்த்தார். கேள்வி கேட்டால் திகைத்து நிற்பவர்கள், கையில் உருப்படியான வேலையொன்றைக் கொடுத்தால் நெடுநேரம் மனமொன்றி அதில் ஈடுபடுவதைக் கண்டார். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பாட்டியின் மறதியைக் கண்டு கவலையுற்ற பேரப்பிள்ளைகள் செல்பேசியிலும் டேப்லெட்டிலும் ஞாபக விளையாட்டுகளைத் தேடுகின்ற இக்காலத்தில், அவற்றை ஆக்குவோர் பற்றிக்கொள்ள வேண்டிய நூலிழை இதுவே என்பது என் அபிப்பிராயம்.

முதுமையில் வரும் மறதி யாவும் நோயன்று. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது ஒன்று. அது எதற்கான பொருள் என்று விளங்காமல் விழிப்பது வேறொன்று. டிமென்ஷியாவுக்குப் பெருங்காரணமான அல்சைமர் நோய், புதிய நிகழ்ச்சிகளை மனத்தில் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியையும் அதன் அயலையும் முதலில் தாக்குகிறது; ஆகவே இன்று காலை உண்ட இட்லி மறந்துபோகிறது, பத்து நிமிஷத்துக்கு முன் கேட்ட கேள்வியே மீண்டும் வருகிறது. பல்லாண்டு அப்பியாசத்தால் கைகள் கற்றுக்கொண்ட வித்தைகளோ, இளம் பிராயத்தில் கேட்டு ஊறிய பாடல்களோ, வேறு வழிகளில் தங்கியிருப்பவையாதலால், அவ்வளவு விரைவில் அழிவதில்லை. நெடுநாள் பழகிய இசையை அறியும்போது இயங்குகிற மூளைப் பகுதிகள் அல்சைமர் நோயில் ஒப்புநோக்கச் சேதமின்றி நிற்பதை 2015இல் லைப்சிக் நகரத்து ஆய்வாளர்கள் காட்டினர்.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 7.4 பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவுடன் வாழ்கின்றனர் என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. சென்னைக்குத் தெற்கேயுள்ள திருப்போரூர்ப் பகுதியில் எடுத்த கணக்கை 1997இல் வெளியிட்ட ஆய்வு 3.5 சதவிகிதம் என்றிருந்தது. ஆராய்ந்த முறைகள் வேறாதலால் இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோய் இரட்டித்தது என்று முடிவு கட்டலாகாது.

இனி விளையாட்டுக்கு வருவோம். ஞாபக விளையாட்டு என்றதும் எவருடைய மனத்திலும் எழுவது, கவிழ்த்து வைத்த சீட்டுகளை இரண்டிரண்டாகத் திருப்பி ஜோடி சேர்க்கும் ஆட்டமே. சற்றுமுன் கண்ட படம் எந்த மூலையில் இருந்தது என்பதை மனத்தில் தாங்கி நிற்பதுதான் அதில் வெற்றிக்கு வழி. நோய் முதன்முதலில் பறித்துக்கொண்டதும் அச்சக்தியேதான். எனவே இவ்விளையாட்டைப் பாட்டியிடம் கொடுக்கும் பேரன், அன்பினால் செய்கிறானாயினும், அவருக்கு எது இயலாதோ அதையே தேடி எடுத்துக் கொடுத்தவனாகிறான். முதற்சீட்டு திரும்புகிறது, மாம்பழம். இரண்டாவது திரும்புகிறது, மயில். மூன்றாவது மாம்பழமாக வரும்போது முதல் மாம்பழம் எங்கே என்று தெரியவில்லை. யந்திரம் தோல்விச் சப்தம் எழுப்புகிறது. மறுநாள் அவர் அந்த ஆட்டத்தை மறந்திருப்பார். ஆனால் அந்தக் கருவியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என்ன நடந்தது என்ற ஞாபகம் போன பின்னும், அது ஏற்படுத்திய உணர்ச்சி தங்கிவிடுகிறது என்பதை இந்நோயாளருடன் வாழ்ந்தவர் யாவரும் அறிவர்.

வர்த்தக ஸ்தாபனங்களின் விளம்பரங்கள் இவ்விஷயத்தில் செய்த தீங்கு சிறிதன்று. மூளைக்குப் பயிற்சியளிக்கும் விளையாட்டுகளால் முதுமையின் அறிவுத் தளர்ச்சியையும் டிமென்ஷியாவையும் தள்ளிப்போடலாம் என்ற தொனியில் விளம்பரம் செய்த லுமாசிட்டி நிறுவனம், அதற்குத் தக்க ஆதாரம் காட்டவில்லை என்ற குற்றச்சாட்டின் பேரில், 2016 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துடன் சமாதானம் செய்துகொண்டு 20 லட்சம் டாலர் செலுத்த இசைந்தது. அந்நாட்டில் டிமென்ஷியா அற்ற 2,832 முதியோரைக் கொண்டு நடத்திய பெரிய பரிசோதனையொன்றில், எந்தத் திறனுக்குப் பயிற்சி தந்தார்களோ அந்தத் திறன் தேறியதே தவிர, ஒரு பயிற்சியின் பலன் மற்றத் திறன்களுக்குப் பரவவில்லை. திடபுத்தியுள்ளவர்களுக்கே இந்நிலை எனில், நோயுற்றவருக்கு இழந்த ஞாபகத்தை ஒரு விளையாட்டு மீட்டுத் தரும் என்று குடும்பத்தாருக்கு ஆசை காட்டுவது தர்மமாகாது.

அப்படியானால் பிரயோஜனமே இல்லையா என்றால், உண்டு; அது வேறு திசையில் இருக்கிறது. ஐமீ ஸ்பெக்டர் முதலியோர் லண்டனில் உருவாக்கி, 201 நோயாளரைக் கொண்டு பரிசோதித்து 2003இல் பிரசுரித்த அறிவுத் தூண்டல் சிகிச்சை என்ற முறை, வாரத்துக்கு இருமுறையாக 7 வாரங்களில் 14 அமர்வுகள், சிறு குழுவாக உட்கார்ந்து விளையாட்டு, பாட்டு, உணவு, பழைய நாட்கள், பணம் என்று விஷயத்துக்கு ஒரு நாளாகப் பேசிப் பொழுதுபோக்குவது. 2023இல் 37 பரிசோதனைகளைத் தொகுத்து மதிப்பிட்ட காக்ரேன் ஆய்வு, இவ்வகைத் தூண்டலால் அறிவுத்திறனில் சிறிய, ஆனால் உண்மையான நன்மை உண்டென்றும், அது நோயின் போக்கில் ஏறக்குறைய 6 மாதத் தாமதத்துக்கு ஒப்பாகுமென்றும் கணித்தது. இம்முறையின் விதிகளில் என்னைக் கவர்ந்தது, உண்மைகளைக் கேளாதே, அபிப்பிராயத்தைக் கேள் என்பதே. "இந்த நடிகர் யார்?" என்று கேட்டால் விடை ஒன்றுதான், அது தெரிந்தாக வேண்டும், "இவர்கள் இருவரில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டால் பெயர் தெரியாதவரும் படத்தைத் தொட்டுக் காட்டி, ஏன் என்று காரணமும் சொல்வார்.

சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் முதலியோரால் நிறுவப்பட்டு அண்ணா நகரில் இயங்கிவரும் ஸ்கார்ஃப் ஸ்தாபனம் இம்முறையை நம் நாட்டுக்கு ஏற்ப மாற்றியமைத்தது. ஸ்ரீதர் வைத்தீஸ்வரன், தாரா ரங்கசாமி முதலியோர் அந்த முதற்கட்ட ஆய்வை 2017இல் வெளியிட்டனர். அந்நிய நாட்டு மனிதருக்காக எழுதப்பட்ட கைநூலை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. விளையாட்டும் பாட்டும் உணவும் அந்தந்த ஊருடையவையாக இருந்தாலன்றிப் பேச்சு பிறவாது. அத்துடன், நோயாளரை வாரம் இருமுறை ஓரிடத்துக்கு அழைத்து வர ஓர் ஆள் வேண்டும். வடபழனி தாண்டி வந்து போகும் பயணம், சகாயத்துக்கு ஆளில்லாத வீடு, தெரிந்தவர் கண்ணில் படும் கூச்சம் ஆகிய இவற்றால் வர இயலாதவருக்கு வீட்டுக்கூடத்திலேயே இச்சிகிச்சையின் ஒரு பங்கையாவது கொண்டுசேர்க்கத் திரை உதவுமானால், அதுவே இவ்விளையாட்டுகளுக்குரிய நியாயமான உத்தேசம்.

ஓர் உதாரணத்தை விவரமாகவே ஆராய்வோம். மயிலாப்பூரில் மாட வீதிகளை ஒட்டிய வீடொன்றில் ஐம்பது ஆண்டுகள் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிட்ட ஒரு மூதாட்டிக்குக் கோல விளையாட்டு ஒன்றை அமைப்பதாக வைத்துக்கொள்வோம். 7 புள்ளியில் தொடங்கி 4இல் நிறுத்தும் இடைப்புள்ளிக் கோலத்தைத் திரையில் ஒரு கணம் காட்டி மறைத்து, அதை நினைவிலிருந்து வரையச் சொன்னால் அது பரீட்சை. மாறாக, புள்ளிகளைத் திரையே வைத்துவிட்டு, கோட்டின் ஆரம்பத்தை மட்டும் இழுத்துக் காட்டி நிறுத்தட்டும். பாட்டியின் விரல் எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகிறதோ அதை ஏற்று, இசைவான பக்கத்தைத் தானும் வரைந்து கொடுக்கட்டும். கோலத்தின் எல்லாப் புறமும் ஒத்திருக்கும் இயல்பு இதற்கு வெகுவாக உதவும். இந்த ஒழுங்கைத்தான் 1970களிலேயே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவரைச் சார்ந்தோரும் கணித இலக்கணமாக வகுத்துக் காட்டியிருக்கின்றனர். அந்த இலக்கணம் கணிப்பொறிக்குத் தெரிந்துவிட்டால், எங்கே கை தயங்கினாலும் அங்கிருந்து முறையாக முடியக்கூடிய வழிகள் எவையென்று அதற்குத் தெரியும். தப்பான கோடு என்று ஒன்றை அழிக்க வேண்டிய அவசியமே நேராது. மாண்டிசோரியின் மர உருளை செய்த காரியத்தை இங்கே கணிதம் செய்யும்.

பிழையே நேராதபடி கற்பித்தல் என்ற இந்த வழிக்கு ஆய்வின் பலமும் உண்டு. ஞாபகம் பழுதுற்றவர்கள் தாம் செய்த பிழையைப் பிழையென்று நினைவில் வைத்துத் திருத்திக்கொள்ள முடியாமல், அந்தப் பிழையையே பழக்கமாக்கிக்கொள்வதை பேட்லி, வில்சன் என்ற இரு உளவியலாளர் 1994இல் விளக்கினர். டிகாக்ஷன் காபி போடும் வரிசையை விளையாட்டாக்கினால், பில்டரில் பொடியிடும் முன் பாலைத் தொட்டுவிட்டவரிடம் "தவறு" என்ற சொல்லும் சிவப்புக் குறியும் காட்டாமல், பால் செம்பு தானே தன்னிடத்துக்குத் திரும்ப, பொடி டப்பா சற்று ஒளிர்ந்து நிற்கட்டும். கடிகாரம் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், எத்தனாவது கட்டம் என்ற அறிவிப்பும் வேண்டாம்.

உடலைப் பற்றிய சில சங்கதிகளை இதை ஆக்கும் இளைஞர்கள் அவசியம் அறிய வேண்டும். தொடுதிரை, விரலின் மின்கடத்தும் இயல்பை உணர்ந்து இயங்குவது. முதியோரின் உலர்ந்த விரல் நுனியை அது சில சமயம் உணர்வதேயில்லை. உணராதபோது பாட்டி என்ன செய்வார்? இன்னும் அழுத்துவார், நகத்தால் தட்டுவார். நகம் பட்டால் திரை அறியாது. நெடுநேரம் அழுத்தினாலோ அது வேறு கட்டளையென்று எண்ணி, அவர் கேளாத பட்டியலொன்றைத் திறந்து வைக்கும். அழுத்திப் பிடித்தலும் இருமுறை தட்டலும் இரு விரலால் விரித்தலும் இவ்விளையாட்டுகளில் முற்றிலும் விலக்கத் தக்கவை. கண்ணின் வில்லை வயதானால் மஞ்சளேறிப் போவதால் நீலத்துக்கும் பச்சைக்கும் பேதம் மங்கும். வெளிர்நீலப் பின்னணியில் பச்சை எழுத்து அழகாயிருக்கலாம், ஆனால் படிக்கப்படாது. கீச்சென்ற மணியோசைகள் உயர்ந்த சுருதியைக் கேளாத காதில் விழுவதில்லை. வீணையும் மிருதங்கமும் விழும். பேசும் குரல் நிதானமாக, ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தியாக இருக்க வேண்டும்.

அக்குரல் எப்படி அழைக்க வேண்டும் என்பதும் அற்ப விஷயமன்று. 80 வயதினரைக் குழந்தையாகப் பாவித்து, கைதட்டல் சப்தத்துடன் "சூப்பர்!" என்று கூவும் விளையாட்டு அவருடைய கௌரவத்தைக் குறைக்கிறது. கேமரன் கேம்ப், மாண்டிசோரியிடமிருந்து முறையைத்தான் கடன் வாங்கினார், மழலைப் பள்ளியின் பொம்மைகளை வாங்கவில்லை. மயிலாப்பூர் வீட்டில் "மாமி, அடுத்து எது போடலாம்?" என்று கேட்கும் குரலும், நொச்சிக்குப்பத்தில் "ஆயா, இத்தப் பாரு" என்று அழைக்கும் குரலும், தியாகராய நகரில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் வேறு வகையாக அழைக்கும் குரலும் இருந்தால்தான், யாரோ தம்மை அறிந்தவர் பேசுகிறார் என்ற தைரியம் பிறக்கும்.

இதிலிருந்து எழுவது, யாருடைய ஞாபகத்தை விளையாட்டாக்குகிறோம் என்ற கேள்வி. மனிதர் தம் முழு ஆயுளையும் ஒரே அளவில் நினைவு கூர்வதில்லை. ஏறக்குறைய 10 வயது முதல் 30 வரையிலான காலமே முதுமையில் மிகுதியாகத் திரும்பி வருகிறது. 1945இல் பிறந்தவருக்கு அது 1955 முதல் 1975 வரை. சென்னை என்றவுடன் பழைய டிராம் வண்டியின் படத்தைப் போடுவது வழக்கமாகிவிட்டது. டிராம் 1953இல் நின்றுபோயிற்று, அவருக்கு அப்போது 8 வயதுதான். மவுண்ட் ரோட்டில் 1959இல் எழுந்த எல்.ஐ.சி. கட்டடமும், இலங்கை வானொலியின் திரைப்பாட்டும், பாண்டி பஜார் ராஜகுமாரி தியேட்டரும், பனகல் பார்க் பெஞ்சும், 1973இல் திறந்த அடையாற்றுத் திரு.வி.க. பாலமும் அவரிடம் இன்னும் அதிகம் பேசும்.

ஆனால் தென்சென்னையின் ஞாபகம் என்றால் மார்கழிக் கச்சேரியும் அறுபத்து மூவர் உற்சவமும் பில்டர் காபியுமே என்று நினைத்து விளையாட்டு செய்தால், அது நகரத்தின் பாதிப் பேரை வெளியே நிறுத்திவிடும். அடையாற்றுக் கழிமுகத்தருகே ஊரூர் குப்பத்திலும், மயிலாப்பூர்க் கடற்கரையோரம் நொச்சிக்குப்பத்திலும், வலையைப் பிரித்து அறுந்த கண்ணை முடிந்து ஆயுளைக் கழித்த கைகள் இருக்கின்றன. வஞ்சிரத்துக்கும் சங்கராவுக்கும் வித்தியாசம் பார்த்து, கூடையில் கூறு கட்டி விலை சொன்ன ஆயாவுக்கு, காய்கறிச் சந்தைப் படத்தைவிட மீன் கூறு பிரிக்கும் விளையாட்டே சொந்தமானது. எழுத்தறியாதவர் என்பதால் அவர்களை விலக்காமலிருக்க, விளையாட்டு முழுவதும் படத்தாலும் குரலாலும் நடக்க வேண்டும்.

குடும்பத்தாரின் சொந்தப் புகைப்படங்களை ஏற்றிக் கொடுப்பது நல்லதென்றே எவருக்கும் தோன்றும். ஸ்காட்லாந்தில் டண்டீ, செயின்ட் ஆண்ட்ரூஸ் சர்வகலாசாலைகளைச் சேர்ந்தோர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சிர்க்கா என்ற தொடுதிரை உரையாடல் கருவியை அமைத்தபோது, வேண்டுமென்றே ஊருக்குப் பொதுவான படங்களையே வைத்தனர். ஆர்லீன் ஆஸ்டல் முதலியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வும், பொதுப்படங்களே அதிகக் கதைகளை எழுப்பின என்று கண்டது. காரணம் யோசித்தால் விளங்கும். பேரன் கல்யாணப் படத்தைக் காட்டியதும் பக்கத்திலிருப்பவர் வாயில் தானாகவே "இது யார், சொல்லு பாட்டி" என்ற கேள்வி வந்துவிடுகிறது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் காலமான கணவரின் படத்தைக் கண்டு, அவர் எங்கே என்று கேட்டு, இறந்த செய்தியைப் புதிதாகக் கேட்பதுபோல் கலங்கும் மூதாட்டியை எண்ணிப் பார்த்தால், இவ்வெச்சரிக்கையின் கனம் புரியும். சமுத்திரக் கரையில் சுண்டல் விற்பவன் படத்துக்கு இந்த அபாயம் இல்லை.

சிர்க்கா கற்பித்த மற்றொன்றும் உண்டு. அதை இருவர் சேர்ந்தே பயன்படுத்துமாறு அமைத்திருந்தபடியால், வழக்கமான பழங்கதைப் பேச்சில் பராமரிப்பவரே கேட்டுக்கொண்டிருக்க நோயாளர் விடை மட்டும் சொன்னது போலன்றி, அடுத்து எதைப் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுப்பதில் நோயாளரே முந்திக்கொண்டனர். நம் வீடுகளில் பகலில் உடனிருப்பவர் பெரும்பாலும் ஏஜென்சி அனுப்பிய கேர்டேக்கர். வேற்றூரிலிருந்து வந்த இளம் பெண், பாட்டியின் ஊரையோ காலத்தையோ அறியாதவள். மாத்திரையும் சாப்பாடும் தவிர அவ்விருவருக்கும் பேச விஷயம் இல்லாத நீண்ட மத்தியானங்களில், "உங்க காலத்துல இந்தக் கடையில என்ன வாங்குவீங்கம்மா?" என்று அவளைக் கேட்கத் தூண்டும் ஒரு படம் திரையில் இருக்குமானால், அவ்விளையாட்டின் மிகச் சிறந்த பயன் அதுவே என்பேன். தனியே மூலையில் உட்கார வைத்து, பெரியவர் பேசாமலிருக்கட்டும் என்று டேப்லெட்டைக் கொடுப்பது அதற்கு நேர்மாறானது.

திரைக்கு எல்லையும் உண்டு. பல்லாங்குழியின் 14 குழிகளையும் திரையில் வரைந்துவிடலாம். சோழியை அள்ளும்போது உள்ளங்கையில் படும் குளிர்ச்சியையும் குழியில் விழும் ஓசையின் கனத்தையும் அதில் கொண்டுவர இயலாது. 2002 முதல் சென்னையில் பழைய விளையாட்டுகளுக்குப் புத்துயிர் அளித்துவரும் கிரீடா போன்ற முயற்சிகளால் பலகையும் சோழியும் கடையிலேயே கிடைக்கின்றன. கை இயங்கும் வரை அவற்றையே முதலில் வைக்க வேண்டும். நோய் முற்றி, கருவியைப் பிடிக்கவும் இயலாதவர்களுக்கென நெதர்லாந்தில் டெல்ஃப்ட் சர்வகலாசாலையில் ஹெஸ்டர் லெ ரிஷ் செய்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த டோவர்டாஃபெல், கூரையிலிருந்து மேசைமீது ஒளிப்படங்களை வீழ்த்தி, கையசைவுக்கு இலைகளும் மீன்களும் விலகியோடச் செய்கிறது. அதில் ஞாபகத்துக்கே வேலையில்லை.

1958இல் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி தொடங்கிய அடையாற்று வி.எச்.எஸ். மருத்துவமனையும், டாக்டர் வி. எஸ். நடராஜனின் முயற்சியால் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென 1978இல் தோன்றிய பிரிவும், 2024இல் கிண்டியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையும் உள்ள நகரம் இது. தரமணியில் கணிப்பொறி வல்லுநருக்கும் பஞ்சமில்லை. இவ்விரு சாராரும் கூடினால், விளையாட்டின் பலனை அளக்கும் முறையையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்: எத்தனை சரி என்பதை எண்ணாமல், ஆட்டத்தின்போது எத்தனை முறை தாமாகப் பேசினார், முகம் எவ்வளவு நேரம் தெளிந்திருந்தது, அன்று மாலையின் அமைதியின்மை குறைந்ததா, உடனிருந்தவருக்கு இளைப்பாற நேரம் கிடைத்ததா என்பவற்றைக் குறிக்க வேண்டும்.

அதற்கும் முன்பாகச் செய்ய வேண்டிய வேலை, சரக்கைத் தேடுவது. 1960களின் படங்கள் பத்திரிகைக் காரியாலயங்களிலும் குடும்ப ஆல்பங்களிலும் இருக்கின்றன. ஒலிகளைத்தான் எவரும் முறையாகச் சேர்க்கவில்லை. கபாலி கோயில் அருகே பூ விற்பவளின் கூவல், ஈயம் பூசுபவனின் குரல், தறியில் நாடா ஓடும் சப்தம், கட்டுமரம் தள்ளும்போது குப்பத்தார் சேர்ந்தெழுப்பும் ஓசை ஆகியவற்றை இன்னும் தெளிவுடன் இருக்கும் 80 வயதினரிடம் கேட்டு, அவர்கள் வாயாலேயே சொல்லவும் செய்து காட்டவும் வைத்துப் பதிவு செய்ய, அவ்வவ் வட்டாரத்துக் கல்லூரி மாணவர் சிலரும் ஒரு செல்பேசியும் போதும். இவ்வேலைக்கு மானியமோ கட்டடமோ காத்திருக்க வேண்டியதில்லை. பனகல் பார்க்கில் காலையில் நடக்க வருகிறவர்களிடமிருந்தும், ஊரூர் குப்பத்தில் மாலையில் வலை முடிகிறவர்களிடமிருந்தும் இந்த வருஷமே ஆரம்பிக்கலாம்.